முன்மூடி

"இருநூறு வாடிக்கையாளர்கள்" என்றது நாலாவது பக்கம்.
சின்னங்களை எண்ணினேன்: முப்பத்தொன்று.
அதில் ஒரு பூனை மட்டும் இரண்டு தடவை.

கௌஷிக் நன்றாகத்தான் பேசினான்.
மாதம் மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி, ஜிஎஸ்டி தனி,
ஆறு மாத ஒப்பந்தம்,
இன்றே கையெழுத்திட்டால் பத்து விழுக்காடு கழிவு.
'இன்று' என்ற சொல்லை
ஐஸ்கட்டி போல மேசையில் வைத்தான்.
கரைந்துவிடுமாம்.

நான் ஈசூனில் ஏர்கான் கழுவுகிறவள்.
இரண்டு வேன், நாலு பையன்கள்.
முன்மூடியைக் கழற்றாமல்
யாருக்கும் விலை சொன்னதில்லை.

மறுநாள் பிடோக் வேலை ரத்து.
நேரே தோ பாயோவுக்கு விட்டேன்,
ஒன்பதாம் பக்கத்துக் கேக் கடைக்கு.
"ஒரே மாதத்தில் விற்பனை நானூறு விழுக்காடு உயர்வு."
மேடம் குவெக் முட்டைத் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்.
பெயரைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார்.
"ஓ, அந்தப் பிள்ளைகளா.
இலவசம் என்று நாலு படம் எடுத்தார்கள்.
கேக்கையும் எடுத்துப் போனார்கள்."
அப்போ அந்த நானூறு?
"அது சீனப் புத்தாண்டு மாதம்."

பொய்யில்லை, பாருங்கள்.
ஒரு எண்கூடப் பொய்யில்லை.

அப்புறம் பாய லேபார், பதினான்காம் மாடி.
கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண்,
ஒரு பூந்தொட்டி,
சுவர் நிறைய அஞ்சல்பெட்டிகள்.
"அவர்கள் இங்கே உட்கார்வதில்லை.
கடிதம் மட்டும் வரும்."
வரவேற்பறை நாற்காலியில் இன்னொருவர்,
மடியில் பிளாஸ்டிக் உறை.
துண்டுப் பிரசுரம் அச்சடித்துக் கொடுத்தவராம், நூர்தீன்.
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
பில்லைத் திருப்பித் தேதியைக் காட்டினார்.
பிப்ரவரி.
அங்கே ஏர்கான் பதினெட்டில் ஓடியது.
வடிகட்டியில் தூசு, ஓசையிலேயே தெரிந்தது.

கார்நிறுத்தத்துக்கு இறங்கும்போது தகவல் வந்தது:
"அக்கா, உங்களுக்காக 'இன்று' என்பதை
வெள்ளிக்கிழமை வரை நீட்டித்திருக்கிறோம்."
எழுதினேன்:
"இரண்டு வாடிக்கையாளர் எண் அனுப்பு தம்பி.
புத்தாண்டு இல்லாத மாதமாகப் பார்த்து."
இரண்டு நீலக் கோடுகள்.
அவ்வளவுதான்.

சாவியைத் தேடியபடி என் வேன் பக்கம் திரும்பினால்
கதவில் கொட்டை எழுத்தில்
"20 ஆண்டு அனுபவம்".
எட்டுதான் என்னுடையது.
மீதிப் பன்னிரண்டு, துவாஸ் கப்பல் பட்டறையில்
என் தம்பி குளிரறை பார்த்த கணக்கு.
அவன் பெர்த்துக்குப் போய் ஐந்து வருடமாகிறது.
இதுவரை யாரும் கேட்டதில்லை.
யாராவது ஒருத்தி
வியாழக்கிழமை வேலை ரத்தாகி
கேட்க வந்தால்?

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
இரண்டின் வால் கொஞ்சம் உரிந்தது.
நல்ல பசை.
ஒட்டியவள் நான்தான்.