நான்கு துளைகள்

முன்பக்கம் எத்தனை துளை என்று கேட்டேன்.
விற்பவனுக்குப் புரியவில்லை.
யூஎஸ்பி. எண்ணிச் சொல்.
நாலு என்று பதில் வந்தது,
கூடவே மங்கலாய் ஒரு படம்:
கறுப்பு உடம்பு, வெள்ளி விளிம்பு,
ஓரத்தில் துணி காயும் மூங்கில்.

நாலு மட்டும் போதாது.
கவிழ்த்து, அடியில் இருக்கும் எழுத்தைப் பார்.
ஏ, பி என்றால்
பழைய இயந்திரத்தின் மூளையை
முழுசாய் வயிற்றில் வைத்துப் பிறந்தவை.
சி, ஈ என்றால் பாதி மூளை,
மீதியை நடித்துக் காட்டும்.
வாய் அசைந்த பிறகு குரல் வரும்.
ஜீயிலிருந்து அதுவும் கிடையாது.
செலவைக் குறைத்தார்கள்.
பெயரை மாற்றவில்லை.

விவாகரத்துத் தாளில் கையெழுத்திட்ட வாரம்
சிம் லிம் சதுக்கத்தில் நான் வாங்கியது
அதற்கும் பிந்தியது. ஒல்லி. சத்தம் போடாது.
எல்லாம் ஓடும் மேடம் என்றார் கடைக்காரர்.
எல்லாம் என்றால் எதெது என்று கேட்கவில்லை.
அந்த வாரம் நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

பெட்டி அவனுக்கு, வட்டு எனக்கு
என்று பிரித்திருந்தோம்.
வட்டைத் தள்ளினேன்.
விழுங்கியது. யோசித்தது.
இந்த வட்டை இயக்க முடியாது என்றது.

வேடிக்கை என்னவென்றால்
அதற்கும் முந்தைய காலத்து வட்டுகள்,
நான் உயர்நிலை இரண்டில் ஆடியவை,
அட்டகாசமாய் ஓடின.
நடுவில் ஒரு தலைமுறையைத்தான்
அதற்குத் தெரியவில்லை.
குறை சொல்ல எனக்கென்ன தகுதி.
பாலிடெக்னிக் நூலகத்தில் முதல்நாள்
சசிதரன் போட்டிருந்த சட்டையின் கோடுகள்
எந்தப் பக்கம் சாய்ந்தன என்று சொல்வேன்.
வழக்கறிஞர் அறையின் ஏசி
எத்தனையில் இருந்தது, அதையும் சொல்வேன்.
இடையே செங்காங் வீட்டில் ஏழு வருஷம்
என்ன பேசிக்கொண்டோம்?
இந்த வட்டை இயக்க முடியாது.

காத்திப். ஒன்பதாம் மாடி.
வெய் ஜியேயின் அம்மா
கொரிய நாயகியைப் பாதி அழுகையில் நிறுத்திவிட்டு
பத்து நிமிஷம் டிவியைக் கொடுத்தார்.
நான் தரையில் குந்திப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
ஏ.

மின்விசிறி எழுந்தது,
மேல்வீட்டில் யாரோ மேசையை இழுப்பதுபோல.
அம்மா மாண்டரினில் ஏதோ சொன்னார்.
அவன் மொழிபெயர்க்கவில்லை.
வட்டு சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.
அந்த மணியோசை வந்தது,
பிறகு கடல், பிறகு படகு,
பிறகு இரண்டு சொற்கள்.
தொடர்க என்பது சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாமல்.
புதிய ஆட்டம் மட்டும் ஒளிர்ந்தது.

என் எழுபத்தொரு மணி நேரம்,
கடைசிக் குகையின் வாசல்வரை,
பழைய மெமரி கார்டில் இருக்கிறது.
கார்டு அவனிடம்.
அதை இதில் செருக ஓர் அடாப்டர் வேண்டும்.
அதுவும் அவனிடம்.

ஓகேவா அக்கா என்றான் வெய் ஜியே.
ஓகே என்றேன். ஓகேதான். எல்லாம் படிக்கிறது.
இருநூற்றெண்பது வெள்ளி, பேநவ்.

ரயிலில் ஐந்து கிலோவையும் மடியில் வைத்துக்கொண்டு
நான்கு வருஷத்துக்குப் பிறகு
அவனுக்கு இரண்டு வரி எழுதினேன்.
பீஷானுக்குள் பதில் வந்துவிட்டது.

என் பெட்டி மஞ்சள் விளக்கு எரிஞ்சு எப்பவோ செத்துடுச்சு.
கார்டு டிராயர்ல இருக்கு.
அதுல என் ஆட்டமும் இருக்கு, அழிச்சிடாதே.

அப்புறம் கொஞ்ச நேரம் மூன்று புள்ளிகள்
எழும்பின, அடங்கின, எழும்பின.

சனிக்கிழமை நாலு மணி, செராங்கூன்.
நான் கார்டு தட்டி வெளியே வர மாட்டேன்,
கேட்டுக்கு மேலாவே நீட்டிடறேன்.
காசு மிச்சம்.

சரி என்று அனுப்பினேன்.
அடாப்டரை மறக்காதே என்றும்.