நாற்பது சென்ரிமீற்றர்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை.
கரவெட்டி ஆஸ்பத்திரி வளவில்
ஆக உயர்ந்த இடத்துக்கும் ஆகத் தாழ்ந்த இடத்துக்கும்
நாற்பது சென்ரிமீற்றர்.
என் தொழில் முழுவதும் அதற்குள்.

மொறட்டுவையில் வரைந்ததெல்லாம் சரிவுகள்.
அங்கே தண்ணீருக்கு வழி தெரியும்.
இங்கே ஆறென்று சொல்ல வழுக்கையாறு,
அதுவும் மாரிக்கு மட்டும்.

"பூக்கண்டு நடவோ நாலு வருசம் படிச்சனீர்?"
வங்கியில் கடன் கேட்டபோது கேட்டார்கள்.
கலியாணத் தரகர் என் குறிப்பில்
'கட்டடக்கலைஞர்' என்று மட்டும் எழுதினார்.
முன்னால் இருந்த நிலத்தை வெட்டிவிட்டார்,
இடம் காணாதாம்.

பிரதேச சபைக் கடிதம்
'நிலந்தோற்றக் கட்டடக்கலைஞர்' என்று வந்தது.
ஒரு மெய்யெழுத்துத்தான் பிசகு.
பலாலியில் எங்கள் நாலு பரப்பு
இன்னும் கம்பிக்கு உள்ளே.
திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை.

ஸ்காபரோவிலிருந்து காசு அனுப்புகிற யோகலிங்கம்
திரையில் தோன்றிச் சொன்னார்:
"புல்லுத்தரை. இன்ரர்லொக் கல்லு.
நடுவில ஒரு கொக்கு,
வாயால தண்ணி பாய வேணும்."
தண்ணீர் நின்றால் கொக்கு தானாக வரும் என்றேன்.
குழு சிரித்தது.
கூட்டக் குறிப்பில் எழுதினார்கள்:
கொக்கு - பின்னர்.

போன கார்த்திகையில் மூன்று நாள்
குடையோடு நின்று பார்த்திருந்தேன்.
கிளினிக்குக்கு வருகிறவர்கள்
எந்த இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கிறார்கள்,
எந்த இடத்தில் திரும்பப் போடுகிறார்கள்.
அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுத்துத்தான்
முதல் கோட்டைக் கீறினேன்.

டிலக்சன் ஜேசிபி ஓட்டுகிறவன்.
மட்டக்கோலையும் அவன்தான் பிடித்தான்.
இரண்டடி தோண்ட வாளி 'டங்' என்றது.
இறங்கிப் பார்த்தோம். சுண்ணாம்புக்கல்,
விரல் நுழைகிற துளைகள்.
"இதுக்குள்ளாலயோ மிஸ் கிணத்துக்குப் போகுது?"
இதற்குள்ளால்தான்.
நாங்கள் வாய்க்கால் கட்டிக் கடலுக்கு அனுப்பிவிட்டுச்
சித்திரையில் போத்தல் தண்ணீர் வாங்குகிறோம்.

அகலமாக, ஆழமில்லாமல் ஒரு பள்ளம்.
ஓரத்தில் மூன்று மருது, நொச்சி, கொஞ்சம் வெட்டிவேர்.
பார்க்க ஒன்றுமில்லை.
"இதுக்கோ இவ்வளவு காசு" என்றார் பொருளாளர்,
நியாயமாகத்தான்.

ஐப்பசிக் கடைசியில் முதல் பெருமழை.
இரவு ஒன்றரைக்குக் காவலாளி அழைத்தார்:
"பிள்ளை, மருந்துக் களஞ்சியக் கதவடியில தண்ணி."

குறிப்புப் புத்தகத்தை ரோர்ச் வெளிச்சத்தில் புரட்டினேன்.
என் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே சாயல்.
ஆறு சென்ரிமீற்றர் பிழை.
நுவரெலியாவில் அதை ஒரு புல் மறைத்துவிடும்.
இங்கே அது
இன்சுலின் பெட்டிகளின் கடைசித் தட்டு.

பெட்டிகளை வாங்கில் ஏற்றினார் காவலாளி.
நான் மண்வெட்டியோடு குனிந்திருக்க
டிலக்சன் மோட்டார் சைக்கிளில் வந்தான், நனைந்த கோழிபோல.
ஒன்றும் கேட்கவில்லை, மற்றப் பக்கத்தால் வெட்டத் தொடங்கினான்.
கல்லில் தட்டித் தட்டி ஒரு முழம், இரண்டு முழம்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
பிறகு திரும்பியது.

நாலு மணிக்குப் பள்ளம் நிறைந்திருந்தது,
தவளைகளுக்கு யாரோ தந்தியடித்தமாதிரி.
மூன்று பெட்டி போய்விட்டது.
என் கட்டணத்தில் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.
ஏழுக்கு நடுவில் இப்போது ஒரு கோடு போடுகிறேன்.

மழை விட்டு இரண்டாம் நாள்
கிளினிக் வரிசை வளவைக் கடந்து போனது.
ஒருவரும் குனியவில்லை.
ஒருவர் கையிலும் செருப்பு இல்லை.
ஒருவரும் பள்ளத்தைப் பார்க்கவும் இல்லை.

யோகலிங்கத்துக்குப் படம் அனுப்பினேன்.
"தண்ணி எங்க?" என்று கேட்டிருந்தார்.
கீழே போய்விட்டது என்றேன்.
"அப்ப கொக்கு?"

பின்னர்.