வராத புயலின் செலவு

விளக்கம் கேட்டிருக்கிறீர்கள், முசியே ரிவலான்.
எழுத்தில், வெள்ளிக்குள்.
எழுதுகிறேன்.

நவம்பரிலேயே தொடங்கிவிட்டோம்.
மேர் ரூஜ் முற்றத்தில் கட்டுக்கம்பிகளை எண்ணினோம்:
நூற்றுப் பன்னிரண்டு, அதில் ஒன்பது துரு.
ஜெனரேட்டர் மூன்றாம் முறைதான் இருமியது.
டீசல் தொட்டியை நிரப்பக் கேட்ட கடிதம்
உங்கள் மேசையில் இரண்டு வாரம் கிடந்தது.
குறையாகச் சொல்லவில்லை. தேதிக்காகச் சொல்கிறேன்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்,
வாக்வாவிலிருந்து முதல் எச்சரிக்கை.
புதன் விடியலில் இரண்டாவது.
படத்தில், தீவுக்கு வடகிழக்கே,
சுண்ணாம்பு விரலைத் துடைத்தது போல் ஒரு வெள்ளை.

கப்பல்களை வெளியே அனுப்பினார்கள்.
புதிதாய் வேலைக்கு வருகிறவர்கள் இதை நம்புவதில்லை:
புயலில் கப்பலுக்குத் துறைமுகம் புகலிடமல்ல.
கரையில் கட்டுண்டு கல்லில் இடிபடுவதைவிட
ஆழத்தில் கிடந்து ஆடுவது மேல்.
ஒவ்வொன்றாய்ப் போயின.
பாதி இறக்கிய வெங்காயத்தோடு
கடைசிக் கப்பலும் போனது,
பேச்சின் நடுவில் எழுந்து போகிறவர் போல.

ஐந்தடுக்கை மூன்றாக்கினோம்.
குறைகுடம் கூத்தாடும் என்பது வீட்டில் கேட்டது.
இங்கே வெறும் பெட்டி பறக்கும்.
அதனால் காலிகளைத்தான் நெருக்கி, குறுக்கே கட்டி,
நெஞ்சோடு நெஞ்சாக நிறுத்தினோம்.
நிறைந்தவை தம் பாரத்திலேயே நிற்கும்.

வாயிலை அடைக்க நான்கு மணி நேரம்.
லாரிகள் பதினொன்று.
வெளியேற வேண்டிய பெட்டிகள் முப்பது.

யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.
நான்.

டயாலிசிஸ் திரவம் முதலில், கந்தோஸ் மருத்துவமனைக்கு.
பிறகு குளோரின். பிறகு பால்மாவு.
ஆறாவது லாரி செல்வென் மாரிமுத்துவுடையது.
காவடிக்கு ஆறு நாள். விரதத்தில் இருந்தான்.
தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு பெட்டியில்
கற்பூரம், பித்தளைச் செம்புகள், மஞ்சள் துணி,
ஏழு கோயில்களின் பெயரில்.
இரண்டு பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது.
எடுக்க நாற்பது நிமிடம்.
செல்வென் அந்த எண்ணைப் பார்த்தான், பிறகு என்னை.
"பால்மாவை ஏற்று" என்றேன்.
ஏற்றினான்.
தார்ப்பாயை இரண்டு முறை இழுத்துக் கட்டினான்.

என் அண்ணனும் இந்த வருடம் காவடி எடுக்கிறான்.
இந்த வரி விளக்கத்துக்குத் தேவையில்லை, அடித்துவிடலாம்.

இரவு, நானும் ஜான்-நோயலும்
எண்பத்து நான்கு குளிர்பெட்டிகளுக்கு நடுவே,
மணிக்கொரு முறை டார்ச் அடித்து
கழித்தல் பதினெட்டு, கழித்தல் பதினெட்டு என்று
நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம்.
இரண்டேகாலுக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் முதல் முறையிலேயே எழுந்தது.
ஜான்-நோயல் அதன் மூடியைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுவது போல.

விடிந்தபோது அது வடக்கே திரும்பியிருந்தது.
மூன்றாம் எச்சரிக்கை வரவேயில்லை.
கேன்டீன் கூரையில் ஒரு மாங்கிளை,
முற்றத்தில் யாருடையதோ ஒரு செருப்பு.
அவ்வளவுதான் சேதம்.

செலவு:
பெட்டி தூக்கியது நானூற்று ஆறு முறை,
திரும்ப அடுக்கியது நானூற்று ஆறு முறை.
மேலதிக நேரம், முப்பத்தொன்பது பேர்.
டீசல், மூவாயிரத்து நூறு லிட்டர்.
வெங்காயம், நான்கு நாள் தாமதம்; கொஞ்சம் முளைவிட்டது.

'பயன்' என்ற கட்டத்தை நிரப்பத் தெரியவில்லை.
ஒன்றும் பறக்கவில்லை என்று எழுதினேன்.
காற்றே இல்லாதபோது எது பறக்கும் என்று கேட்பீர்கள்.
நியாயம்தான். அழித்தேன்.
கந்தோஸில் அன்று எத்தனை பேர்
ஊசியோடு படுத்திருந்தார்கள் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

கட்டம் காலியாக இருக்கிறது.
காலியைக் கட்டித்தான் வைக்க வேண்டும் என்பது
முன்பே சொன்னதுதான்.

கற்பூரப் பெட்டி சனிக்கிழமை வெளியேறியது.
செல்வென்தான் எடுத்துப் போனான்.

இன்று காலை, தியேகோ கார்சியாவுக்குத் தெற்கே
அடுத்த எழுத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.
தொட்டியில் முந்நூறு லிட்டர்தான் மிச்சம்.
டீசல் கடிதம் இத்துடன் இணைப்பு.
தேதியைப் பார்க்கவும்.