மனாமா, பதினொன்றாம் தளம்

அரசுகள் எல்லாம் சமம் என்கிறார்
மேடையில் ஒருவர்.
தண்ணீர்ப் புட்டிகளோடு சுவரோரம் நிற்கிறேன்.

ஒரே தரை, ஒரே துடைப்பான்.
மாரிசெலுக்கு நூற்றைம்பது தினார்,
எனக்கு நூற்றுப்பத்து,
நகாட்டோவுக்கு எண்பது.
பாஸ்போர்ட்டைப் பார்த்துப் போட்ட கணக்கு.
அழுக்கு என்னவோ
மூவருக்கும் அதே அழுக்குதான்.

முப்பது முடியாத பெண்
வீட்டு வேலைக்குக் கடல் தாண்டக் கூடாது என்றது
என் அரசு. பாதுகாப்பாம்.
இரண்டு வயதைக் கூட்டி எழுதிக்கொண்டு வந்தேன்.
(வீட்டிலிருந்து ஓட்டலுக்கு மாறியது தனிக் கதை.)
அந்த இரண்டு வருடத்தை
யார் வாழ்ந்தார்கள் என்று
இன்னும் தெரியவில்லை.

திரையில் வரைபடம்:
எண்ணெய்க்கு ஓர் அம்பு, கப்பல்களுக்கு ஓர் அம்பு,
படைத்தளங்களுக்குச் சிவப்புப் புள்ளி.
நாங்கள் வந்த வழிக்கு
ஒரு கோடாவது இருக்குமென்று தேடினேன்.

முதல் வரிசையில் யாரோ காபியைக் கவிழ்த்தார்.
நகாட்டோ ஓடிப்போய்க் குனிந்தாள்.
புரொஜெக்டர் வெளிச்சம் குறுக்கே பட்டு
அவள் முதுகின் மேல் விழுந்தது
வளைகுடா முழுவதும்,
ஹோர்முஸ் சரியாகத் தோள்பட்டையில்.

கொஞ்சம் தள்ளச் சொன்னார்கள்.
மறைக்கிறதாம்.