டி டிரைவ்

பாயான் லெப்பாஸ், சி பிளாக், ஒன்பதாம் மாடி.
லிப்ட் மூன்று நாளாய் ஓடவில்லை.
கணினியும்தான்.
நீலத்திரையில் ஒரு சோக முகம்.
நைட் ஷிப்ட் முடிந்து வந்தவளுக்கு
அதைத் தேற்றப் பொறுமை ஏது?

கொம்தார் கடைப் பையன்
பென்டிரைவில் புது சிஸ்டம் ஏற்றித் தந்தான்,
இருபத்தைந்து வெள்ளி.
"அதிலேயே ஆன் பண்ணுங்கக்கா,
வேணுங்கிறத எடுத்து வச்சுக்குங்க.
அப்புறம் பழைய பாகத்தையெல்லாம் தூக்கிட்டு
ஒண்ணாக்கிடுங்க" என்றான்,
அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு
மத்தியஸ்தம் பேச வந்தவன்போல.

சி என்னுடையது.
டி கோகிலவாணியுடையது.
ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு வாங்கியதால்
வட்டிலும் ஆளுக்குப் பாதி.
சமையலறை அலமாரியிலும் அதே சட்டம்:
மேல்தட்டு அவளுக்கு, அவள்தான் உயரம்.

பிப்ரவரியில் ஜொகூருக்குப் போய்விட்டாள்.
மூன்று மாதக் கரண்டு பில்லில் அவள் பங்கு
இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
பல்லிடுக்கில் சிக்கிய நாரை
நாக்கு விடுமா?
நானும் விடவில்லை.

என்னுடையதை எடுத்து வைக்க ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது.
அழிக்குமுன் டி-யை எட்டிப் பார்த்தேன். தப்புதான்.
ஏழு ரெசுமே.
ஆறு வரை ஆங்கிலம் 'ஓரளவு',
ஏழாவதில் 'சரளம்'.
தண்ணீர்மலைப் படியில் எடுத்த ஒரு படம்,
ஓரத்தில் என் பின்னந்தலை.
பிறகு ஓர் எக்செல், பெயர் 'வீடு'.

கேஸ் தோம்பு. குழாய் ரிப்பேர்.
நான் டெங்கியில் கிடந்த எட்டு நாளுக்கு
கிராப், இளநீர், கஞ்சி,
எந்த நாள் எத்தனை மணி என்பதுகூட.
என் பெயருக்கு நேரே
நூற்றுத் தொண்ணூற்றெட்டு வெள்ளி அறுபது காசு.
கடைசிப் பத்தியின் தலைப்பு: 'கேட்டாச்சா?'
கீழே வரிவரியாக
இல்லை
இல்லை
இல்லை.

கழித்துப் பார்த்தேன்.
பாக்கி பதின்மூன்று வெள்ளி நாற்பது.
ஒரு நாசி கண்டார், ஒரு தே தாரேக்.
இதற்காகத்தானா
அவள் பிறந்தநாளுக்கு வாழ்த்தாமல் இருந்தேன்.

அந்த ஒரு ஃபைலைக் கைபேசிக்கு மாற்றிக்கொண்டு
இரண்டு பாகத்தையும் அழித்தேன்.
'ஒதுக்கப்படாத இடம்' என்றது திரை.
மேல்தட்டு ஞாபகம் வந்தது.
இன்னும் நாற்காலி போட்டு ஏறிப் பார்க்கவில்லை.

ஃபார்மட் இரண்டு வகையாம்.
முழுசானது மூலை முடுக்கெல்லாம் துடைக்கும்,
மூன்று மணி நேரம் ஆகும்.
விரைவானது பெயர்ப்பலகையை மட்டும் கழற்றும்;
மேலே வேறொன்று எழுதும்வரை
உள்ளே இருப்பவை உள்ளேயே கிடக்கும்.
விரைவானதைத் தேர்ந்தேன்.
தூக்கம் வந்தது, வேறொன்றுமில்லை.

ஒண்ணாக்கச் சொன்னான் பையன்.
நான் கொஞ்சம் இடத்தை ஒதுக்கி
மறுபடியும் டி என்று போட்டேன்.
சிஸ்டம் திரும்பப் படுத்தால் உதவும்
என்று ஒரு காரணமும்
கைவசம் வைத்திருக்கிறேன்,
யாராவது கேட்டால்.