ஈரக் கழிவு

ஞானாபரணம் ஐயர் கூடலூரிலிருந்து
மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார்.
மற்ற ஞாயிறுகளில்
பிரசங்கப் புத்தகத்தை யாராவது வாசிப்போம்.
ஆடி மழையில் நாடுகாணியில் மண் சரிந்து
பஸ் நின்றுபோன வாரம்
பைண்டிங்குக்குப் போன புத்தகமும்
அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டது.
"கிருபையைப் பத்தி
நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க"
போனில் ஐயர். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

நான் சேரம்பாடியில்
தொழிற்சாலைக்கு இலை நிறுக்கிறவன்.
மழை நாளில் நூற்றுக்குப் பத்து ஈரக் கழிவு,
சாக்குக்கு ஒரு கிலோ,
முற்றிய இலைக்கு
என் கண் சொல்கிற அளவு.
அந்தக் கண் எந்த விதியிலும் எழுதப்படவில்லை.
அது தின்ற கிலோ எனக்கு வந்ததுமில்லை.
நல்ல ஆள் என்று
முதலாளி சொன்ன பெயர் வந்தது.

பலிபீடத்துக்கு முன்னால் நின்றேன்.
தகரக் கூரையில் மழை,
பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது,
அதற்கு ஸ்தோத்திரம்.
மூன்றாம் பெஞ்சில் லேயாள்
கணுக்காலில் ஏறிய அட்டைக்கு
பொட்டலம் பிரித்து உப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.
ஞானோபதேச வகுப்பில் உருப்போட்டது கைகொடுத்தது:
நம்முடைய தகுதியைப் பார்த்தல்ல,
செய்த வேலைக்குக் கூலியாக அல்ல,
சும்மா கிடைப்பது.
அதோடு உட்கார்ந்திருக்கலாம்.
ஓர் உவமை சொல்ல ஆசை வந்தது.
"கர்த்தருடைய தராசில் கழிவு கிடையாது."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
எதிரே இருந்தவர்கள் எல்லாரும்
கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்துக்கொண்டு
என் தராசில் இலை போடுகிறவர்கள்.
யாரும் சிரிக்கவில்லை.
லேயாள் தலை நிமிர்ந்தாள்.
அட்டை விழுந்து சுருண்டது.

திங்கள் மாலை நாலரை.
மூடுபனிக்குள்ளிருந்து முதலில் சாக்கு வரும்,
அப்புறம்தான் அதன் அடியில் ஆள் தெரியும்.
லேயாளின் சாக்கு இருபத்தெட்டில் நின்றது.
முள்ளை அவள் பார்க்கவில்லை.
பதினோரு வருஷமாக
என் பேனாவைத்தான் பார்ப்பாள்.
விதிப்படி கழித்தால் இருபத்துநாலு.
கண் வழக்கமாக இன்னும் இரண்டைத் தின்னும்.
அன்றைக்கு இருபத்துநாலு என்றே எழுதினேன்.
எழுதிவிட்டு அவள் முகத்தில் தேடினேன்,
ஒரு தலையசைப்பாவது.

சீட்டை மடித்து ரவிக்கைக்குள் செருகினாள்.
"இது கிருபையில்ல கணக்கப்பிள்ளை," என்றாள்,
"இது என் இலை."

ராத்திரி கரண்ட் இல்லை.
மெழுகுவர்த்தி வைத்துப் பழைய நோட்டின் பின்னால்
கணக்குப் போட்டேன்.
மாதம் மூன்று பறிப்பு,
பறிப்புக்கு இரண்டு கிலோ,
பதினோரு வருஷம்:
எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
அவள் ஒருத்திக்கு மட்டும்.
மற்றவர்களுக்கு மெழுகு போதவில்லை.
சபைச் சந்தா பாக்கியும் நான்தான் எழுதுகிறேன்.
பாக்கிதாரர் பத்தியில்
என் பெயரை எழுதிப் பார்த்தது அன்றுதான்.

அடுத்த ஞாயிறு பாதை திறந்து
ஐயர் வந்துவிட்டார், நற்கருணை.
பாவ அறிக்கையைச் சத்தமாகச் சொல்கிற நான்
அன்றைக்கு முணுமுணுத்தேன்.
கடைசி வரிசையில் தயங்கிப் போய் நின்றால்
கிராதி முழுக்க முழங்கால்கள்.
திரும்பிவிடலாம் என்று கால் எடுத்தேன்.
லேயாள் திரும்பிப் பார்க்காமல்
சேலையை ஒதுக்கிக்கொண்டு
ஒரு சாண் நகர்ந்தாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
சொல்வாளா, தெரியாது.
திங்கட்கிழமை நோட்டை எடுத்துப்போய்
அவளிடம் காட்ட வேண்டும்,
அது வேறு கணக்கு, அது கொடுத்தாக வேண்டிய கணக்கு.
இந்த ஒரு சாண் எந்த நோட்டிலும் ஏறவில்லை.
மண்டியிட்டேன். ஈரச் சேலை, புகை, பச்சை இலை வாசனை.

ஐயர் கையில் அப்பம் வைத்தார்.
பழக்கதோஷம்,
உள்ளங்கையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி
நிறுத்துப் பார்த்தேன்.
ஒன்றுமே இல்லாத கனம்.
அப்படியே இருந்துவிட்டேன்போல,
கிண்ணம் வந்து காத்து நிற்கிறது.
பக்கத்திலிருந்து ஒரு முழங்கை
விலாவில் இடித்தது,
சீக்கிரம் சாப்பிடுங்க என்று.