பேச்சாளர் எண் ஒன்பது

அக்ரான் நகரமன்றத்தில் குறிப்பெழுதுகிறவள் நான்.
சொன்னதை மட்டும் எழுதவேண்டும்.
இருமலை, பெருமூச்சை, நாற்காலி கிறீச்சிடுவதை
எழுதக்கூடாது.

பதின்மூன்றாம் தீர்மானம்,
சிறார் காவல் இல்லத்துக்கு இன்னும் பன்னிரண்டு கட்டில்,
நாற்பது நொடியில் நிறைவேறியது.
கட்டிலுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.
பதினான்காம் தீர்மானம்:
பள்ளி விட்டபின் மூன்று முதல் ஆறு வரை
கெட்டில் தெரு உடற்பயிற்சிக்கூடத்தைத் திறந்துவைக்கப் பணம்.
பிள்ளைக்கு, நாளொன்றுக்கு, எட்டு டாலர்.

எட்டுப் பேர் பேசினார்கள்.
மூன்றரைக்குத்தான் எங்கள் போன் அடிக்கத் தொடங்கும்,
திறந்துவிடுங்கள் என்றார் ஒரு போலீஸ்காரர்.
நார்த் ஹில்லில் கடை வைத்திருக்கும் தேவிமாயா ரிசால்
இரண்டு முறை கண்ணாடி மாற்றிய பில்லைக் காட்டி
இதற்குமேல் வரி கட்ட என்னால் ஆகாது என்றாள்.
எழுதினேன்.
இரண்டும் நியாயமாகத்தான் பட்டது.

ஒன்பதாவது, ஜரெல் ஹாப்குட். வயது பதினான்கு.
மைக்கைத் தாழ்த்தத் தெரியாமல்
குதிகாலை உயர்த்தி நின்றான்.
“மூணு நிமிஷம் கொடுத்திருக்கீங்க.
பள்ளி விட்டா தினமும் இதுமாதிரி அறுபது
என்கிட்ட இருக்கும்.
பாருங்க.”
அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

சுவரில் சிவப்பு எண்கள் இறங்கின.
தலைவர் தண்ணீர் குடித்தார். மறுபடி குடித்தார்.
நான்காம் வட்டத்து உறுப்பினர்
பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்,
அது உருண்டு கீழே விழ
பக்கத்து ஆள் காலால் எத்திவிட்டார்,
வேண்டுமென்றே.
யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.
யாரோ யாரையோ கிள்ளியிருக்கக்கூடும்.
ஐம்பது வயதுக்காரர்கள். கோட்டுப் போட்டவர்கள்.
வெளியே பனி, உள்ளே கதகதப்பு,
வீட்டில் சாப்பாடு தயார்.
கைக்கு ஒரு வேலை இல்லாமல்
மூன்று நிமிடம்
தாங்கவில்லை.

மணி அடித்தது.
நன்றி சொல்லிக் குதிகாலை இறக்கினான்.

ஆதரவு ஆறு. எதிர்ப்பு ஏழு.

‘பேச்சாளர் தம் நேரத்தைப் பயன்படுத்தவில்லை’
என்று அடித்தேன். அழித்தேன்.
பதினெட்டு வருஷ வேலையில் முதல்முறையாக
ஒரு பெயருக்குக் கீழே
அரைப்பக்கம் வெறுமனே விட்டேன்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் கேட்டார்,
சென்ற கூட்டக் குறிப்பில் திருத்தம் உண்டா?
ஒருவரும் வாசித்திருக்கவில்லை.
திருத்தமின்றி ஏற்கப்பட்டது.

அதையும் எழுதினேன்.
நேரம்: மாலை நான்கு பத்து.